சோழிக்காரருக்கு ஒரு குழி இல்லை

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் கண்ணில் கைப்பேசியை வைத்து நிலாவைப் படம் பிடித்தால் டைக்கோ, கோப்பர்நிக்கஸ், ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு எல்லாம் சமர்த்தாக வந்து விழும். லெ ஜான்தி மட்டும் சிக்கமாட்டார். நிலாவின் தென்மேற்கு விளிம்பில் பதுங்கியிருக்கும் பள்ளம் அது. பௌர்ணமியை ஒட்டி, அதுவும் நிலா இந்தப் பக்கமாகக் கொஞ்சம் தலையை ஆட்டினால்தான் தரிசனம். பெயருக்குரிய பிரெஞ்சு வானியலாளரும் அப்படித்தான். போன இடத்தில் எதுவும் அமையாத ஜாதகம்.

சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்ஸிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். இங்கேயோ பங்காளிச் சண்டை முற்றியிருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதே தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, அதை வட்டியோடு இடித்தார்கள். ஜூன் 6 அன்று நம்மாள் நடுக்கடலில். வெள்ளி தெளிவாகத்தான் தெரிந்தது. ஆடுகிற கப்பலில் எதை அளப்பது?

அடுத்த கடப்பு எட்டே வருஷத்தில்தானே என்று ஊர் திரும்பாமல் இருந்துவிட்டார். மணிலா போனார். அங்கிருந்த ஸ்பானிய கவர்னருக்கு ஆள்மேல் சந்தேகம். பாரிஸ் அகாடமியும் புதுச்சேரிக்கே போ என்றது. 1768-ல் வந்து, இடிந்த கவர்னர் மாளிகைமேல் வானோக்குக் கூடம் கட்டினார். இடித்த பாவத்துக்குப் பிராயச்சித்தமோ என்னவோ, சென்னை ஆங்கிலேயர் ஒரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள். மே மாதமெல்லாம் காலை வானம் பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 4 காலை மேகம். வெள்ளி கடந்து முடித்த கையோடு வெயில் சுள்ளென்று அடித்தது. மணிலாவில் அன்று வானம் துடைத்துவிட்டிருந்ததாம்.

புதுச்சேரியில் இருந்த நாளில் தமிழர் வானியலையும் கற்றுக்கொண்டார். சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள் உள்ளூர்க் கணக்கர்கள். பிழை 41 விநாடி. ஐரோப்பா தலையில் வைத்துக் கொண்டாடிய தோபியாஸ் மேயரின் நிலா அட்டவணையில் பிழை 68 விநாடி.

1771-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தால், ஆள் செத்தாயிற்று என்று சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரிக்க உட்கார்ந்திருந்தார்கள். அகாடமி நாற்காலியிலும் வேறொருவர்.

நிலாவில் மட்டும் எல்லோருக்கும் பட்டா கிடைத்தது. லெ ஜான்தி கொண்டுபோன கணக்குகளையும் வைத்து இந்திய வானியல் பற்றிப் புத்தகம் போட்ட பையிக்கு, அவர் பக்கத்திலேயே சுமார் 300 கிலோமீட்டர் அகல வளாகம். மேயருக்குக் கோப்பர்நிக்கஸின் அக்கம்பக்கத்தில், சின்னத் தொலைநோக்கிக்கே தெரியும் பள்ளம். சோழிக்காரருக்குத்தான் ஒரு குழிகூட இல்லை. இத்தனைக்கும் கிரகணத்தை மேயரைவிட 27 விநாடி நெருங்கிப் பிடித்தவர் அவர்தான்.