கெலுவார் எந்தப் பக்கம், தாத்தா?

வாடா பேராண்டி, உக்காரு. அன்னிக்கு முதுகுல ஒரு மூட்டை, நெஞ்சுல ஒரு மூட்டை கட்டிக்கிட்டு நீ வாசல்ல வந்து நின்னப்ப, தண்ணி மிஷின் விக்க வந்த ஆளுன்னு நெனச்சு உங்க பாட்டி கதவைச் சாத்தப் போனா. சிக்கனப் பயணம்னு சொன்ன. மூட்டைக்குள்ள பாதி புதுக்கோட்டை இருக்கும் போலிருக்கே!

எங்கப்பாரு நாகப்பட்டினத்துல ராஜுலா கப்பல் ஏறினது 1936-ல. கையில ஒரு தகரப்பெட்டி. கப்பல் கூலி கங்காணி பார்த்துக்கிட்டாரு. போர்ட் சுவெட்டன்ஹாம்ல எறக்கி, நோய்நொடி இருக்கான்னு முகாம்ல நாள் கணக்கா அடைச்சு வச்சிருந்துட்டுத்தான் தோட்டத்துக்கு லோரி ஏத்துனாங்க. நீ என்னடான்னா ஏர்போர்ட் வரிசையில ஒரு மணி நேரம் நின்னதுக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்க. 2023 டிசம்பர்லேர்ந்து உங்களுக்கு முப்பது நாளைக்கு விசாவே வேணாம்னு விட்டுட்டாங்க. இதுல குறை வேறயா?

சரி, மூணு நாளா நீ பண்ணுன கூத்தை வரிசையா சொல்றேன், நீயே கேளு.

ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலு 55 வெள்ளின்னதும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸைத் தேடிப் போன. நல்ல புத்திதான். கே.எல். சென்ட்ரல்ல எறங்கி, ராத்திரி பிரிக்பீல்ட்ஸ்லயே தங்குன. மறுநாள் அங்கேர்ந்து கெலானா ஜெயா ரயில்ல பேசாம புத்ரா ஹைட்ஸ் வரைக்கும் வந்திருந்தா, வண்டி மாறி கொஞ்ச ஸ்டேஷன்ல நம்ம பூச்சோங் வந்திருக்கும். நீ எதிர்ப்பக்கம் ஏறி, ஓட்டுறதுக்கு ஆளே இல்லாத ரயிலாச்சேன்னு முன் கண்ணாடில ஒட்டிக்கிட்டு போட்டோ எடுத்து, மஸ்ஜித் ஜாமிக்ல எறங்கி, வந்த வண்டில தாவிட்ட. அந்த மேடையில ரெண்டு ஊரு வண்டி வரும் ராசா. சான் சௌ லின் வரைக்கும் ஒரே தண்டவாளம், அதுக்கப்புறம் ஒண்ணு நம்ம பக்கம் திரும்பும், இன்னொண்ணு அம்பாங்குக்குப் போயிடும். அம்பாங் கடைசி ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு, "தாத்தா, இங்க எல்லா போர்டுலயும் கெலுவார், கெலுவார்னு ஒரு ஊரு போட்டிருக்கு, அது பூச்சோங்குக்குப் பக்கமா?"ன்னு போன் போட்ட பாரு! உங்க பாட்டி இன்னும் சிரிச்சு முடிக்கல. கெலுவார்னா வெளிய போற வழிடா! அங்கேர்ந்து கிராப் காடி பிடிச்சு வந்து கொடுத்த காசுல, மிச்சம் பிடிச்ச பஸ் காசு எத்தனை தடவை போச்சுன்னு கணக்குப் போட்டியா?

உனக்குக் கணக்கு நல்லாத்தான் வருது. என்ன, அதை எங்க வைக்கணும்னுதான் தெரியல. நேத்து மாமாக் கடையில ரொட்டி சானாய் ரெண்டு வெள்ளின்னதும் இருபதால பெருக்குன. "ஒரு பரோட்டா நாப்பது ரூபாயா!"ன்னு விரலை மடக்கி நீட்டி முடிக்கிறதுக்குள்ள ரொட்டி வரட்டியாப் போச்சு. தே தாரிக்குக்கும் பெருக்குன. பச்சத் தண்ணிக்கு முப்பது காசுன்னதுக்கும் பெருக்குன. சர்க்கரை வேணாம்னா "தே கோசோங்"னு சொல்லத் தெரியாம, கை ரெண்டையும் ஆட்டி ஆட்டி பரதநாட்டியம் ஆடுன.

இவ்வளவு பெருக்குன ஆளு, மத்தியானம் நாசி கண்டார் கடையில என்ன பண்ணுன? கல்லாப்பக்கம் நின்னவரு "எந்த ஊரு தம்பி?"ன்னு தமிழ்ல கேட்டதும் உருகிப் போயிட்ட. "அண்ணே, அந்த எறா ஒண்ணு, இந்தக் கணவா கொஞ்சம், மீன்முட்டை இருக்கா?"ன்னு தட்டைக் கோபுரமா ஆக்குன. குழம்பை பஞ்சிர்னு ஊத்தச் சொன்ன, பஞ்சிர்னா வெள்ளம். அப்பல்லாம் பெருக்கல் எங்கடா போச்சு? அங்க தராசு கெடையாது. தட்டை ஒரு பார்வை பார்ப்பாங்க, வெலை வாயில வரும். 34 வெள்ளி! ஊர்க்காரன்னா குழம்பு ஒரு கரண்டி கூட விழும், எறாவுக்கு ஊரு கெடையாது. எடுக்கிறதுக்கு முந்தி வெலை கேக்க வெக்கப்படாத. கண்டார்னா என்னன்னு தெரியுமா? சோத்தையும் கறியையும் ரெண்டு பக்கம் தொங்கவிட்டுத் தோள்ல தூக்கி வித்த கம்பு. நாங்க பால் வாளி தூக்குன காண்டாக் கம்பும் அதேதான். என் தோள்ல தழும்பு இருக்கு, பாரு.

மொத ராத்திரி பிரிக்பீல்ட்ஸ்ல தங்குனியே, அந்தக் கதை இன்னும் நல்லாருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு அறைக்கு ஒரு ராத்திரிக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி, 2017-லேர்ந்து சட்டம். அதைப் போயி கவுண்டர்ல நின்ன பொண்ணுகிட்ட பேரம் பேசுனியாமே! திருச்சில பிளேன் ஏறி, கடல் தாண்டி வந்து, லிட்டில் இந்தியாவுல மசால் தோசை தின்னுட்டு "நம்ம ஊரு மாதிரியே இருக்கு தாத்தா"ங்கிற. இருக்காதா பின்ன? 2010-ல உங்க ஊரு மன்மோகன் சிங் வந்துல்ல தெறந்து வச்சாரு.

நீ தோசை தின்ன தெருவுக்குத் துன் சம்பந்தன் பேரு. வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டா வித்துட்டுப் போக, லயத்து ஜனம் நடுத்தெருவுல நின்ன காலம் அது. தோட்டந்தோட்டமா போயி, ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியா கட்டுங்க, நாமளே தோட்டம் வாங்கலாம்னாரு. 1960-ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் உண்டாச்சு. எங்கப்பாரு வெத்தலையைப் பாதியா கிள்ளிப் போட்டு அந்தப் பத்து வெள்ளிய சேத்தாரு. பட்ஜெட்டுன்னா அது. வாங்கவும் செஞ்சாங்கடா, தோட்டம் தோட்டமா!

இன்னிக்குக் காலைல என்ன சொன்ன? "ஐஓஐ மால் அங்கதான தாத்தா தெரியுது, மேப்புல எழுநூறு மீட்டர், நடந்துடறேன்." நான் வாயே தெறக்கல. போனாத்தானே தெரியும்! நடுவுல எல்டிபி ஓடுது, 1999-ல போட்ட நெடுஞ்சாலை. அந்தக் கரையில மால், இந்தக் கரையில நீ. காடி எதுவும் நிக்காது, நடைபாலம் எங்கன்னு மேப்பு சொல்லாது. வடக்க அரை மைலு, தெக்க அரை மைலு அலைஞ்சு, சாயங்காலம் நாலு மணி மழையை முழுசா வாங்கிக்கிட்டு, யார் கடை முன்னால அஞ்சடி நடையிலயோ கோழி மாதிரி ஒதுங்கி நின்னுட்டு வந்த. தலையைத் தொவட்டு.

இங்க நடந்தவங்க நாங்கடா. பூச்சோங் பூராவும் கித்தாக் காடும், அதான் ரப்பர்க் காடும், ஈயக் குட்டையுமா இருந்துச்சு. விடியறதுக்கு முந்தி பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நின்னுட்டு, மரத்துக்கு மரம் நடப்போம். காட்டை அழிச்சு தாமான்னு வரிசை வரிசையா வீடு கட்டுனாங்க. குட்டைய ஏரின்னாங்க, ஏரியைப் பாத்த வீட்டுக்கு வெலையை ஏத்துனாங்க. கின்ராரா தோட்டம் ரயில் ஸ்டேஷன் பேராயிடுச்சு. காசல்பீல்டு தோட்டம் தமிழ்ப்பள்ளிப் பலகையில ஒட்டிக்கிட்டு இருக்கு. 2016-ல நம்ம பூச்சோங்குக்கு ரயில் வந்தப்ப நடக்கறதுக்கு மரமும் இல்ல, எனக்கு முட்டியும் இல்ல.

நாளைக்குப் பத்துமலைன்னு சொன்ன. போயிட்டு வா. பத்தாவது மலையா, மிச்சம் ஒம்பது எங்கன்னு யாருகிட்டயும் கேட்டு வைக்காத. பத்துன்னா மலாய்ல கல்லு. 272 படி, ஏறக் காசு கெடையாது, அதனால உனக்கு ரொம்பப் புடிக்கும். முருகன் 42.7 மீட்டர், போட்டோவுக்கு நல்லா பின்னால தள்ளி நில்லு. கையில தின்பண்டப் பொட்டலம் மட்டும் வேணாம். அந்தக் குரங்கெல்லாம் இருபதால பெருக்காது, அப்படியே பிடுங்கிக்கும்.

உங்க பாட்டி சோறு போட்டுட்டா, எந்திரி. நாளைக்குத் திரும்பி வர்றப்ப வண்டி நெத்தியில புத்ரா ஹைட்ஸ்னு எழுதியிருக்கான்னு பார்த்து ஏறு. கடைசி வண்டியை விட்டுட்டா கிராப் கிராப்னு அலையாத, போன் போடு. இங்க இருக்கற என் பேரன் காடி எடுத்துக்கிட்டு வருவான். டோல் காசு மட்டும் நீ.