படுக்காமல் சாவது எப்படி

இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களில் வயதானவர்கள் மாரியம்மனிடம் கேட்கும் வரம் ஒன்று உண்டு. "ஆத்தா, படுத்துக் கெடக்காம போய்ச் சேந்துரணும்." வெளியூர்க்காரர் கேட்டால் பக்குவம் என்பார், ஞானம் என்பார். ஞானமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அது கணக்கு. தாய் படுத்தால் அவளுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், விழாது. அவளைப் பார்த்துக்கொள்ள லயத்து வரிசை வீட்டில் தங்கும் மகளுக்கும் விழாது. ஆகவே, பொறுப்புள்ள தாய் என்ன செய்ய வேண்டும்? காலையில் பேர் பதியும் பிரட்டுக்குப் போய், பத்து மணிக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மலையிலேயே சாய வேண்டும். அரைப்பேராவது மிஞ்சும்.

இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளிக்கு நோயாளியாக இருக்க அனுமதி இல்லை. செத்தவராக இருக்கத் தாராளமாக உண்டு.

சம்பளக் கதையைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்று 2015 வாக்கில் கிளம்பிய கோஷம் வர்த்தமானியில் ஏற 2021 ஆனது. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 என்றார். கம்பெனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1,350 என்று முடிந்தது. 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 1,550 என்றது. அதோடு, வேலைக்கு வந்தால் நாளுக்கு 200 ரூபாய் அரசாங்கத்தின் வருகை ஊக்கத்தொகை. வந்தால்! பிரஷர் ஏறித் தலைசுற்றி இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்கு அரசாங்கம் சொல்லும் ஆறுதல் இதுதான்: கிளினிக்குக்குப் போனால் சம்பளமும் இல்லை, இருநூறும் இல்லை. மாதம் ஒருதரம் இரத்தம் பார்க்கப் போவது அவளுக்கு ஒரு நாள் வருமானத்தைக் கொளுத்துகிற ஆடம்பரம். அப்புறம் "இந்த ஜனங்க ஒழுங்கா மருந்து எடுக்கிறதில்ல" என்று கருத்தரங்குகளில் கவலைப்படுவார்கள். நட்சத்திர ஹோட்டலில், தேநீர் இடைவேளையோடு.

பிரஷர், சீனி, நெஞ்சடைப்பு எல்லாம் மலை ஏறி வந்து வெகு காலமாயிற்று. டொக்டர்தான் இன்னும் ஏறவில்லை. டிஸ்பென்சரியில் இருப்பவரை நாம் மரியாதைக்கு டொக்டர் ஐயா என்கிறோம். அவர் தோட்ட வைத்திய உதவியாளர், எம்.பி.பி.எஸ். அல்ல. அவரைக் குறை சொல்லி என்ன? அலுமாரியில் இருப்பதைத்தான் அவர் எடுத்துத் தர முடியும். இருப்பது பெனடோல்.

1912இல் வெள்ளைக்காரன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் என்று ஒன்று போட்டான். லயத்தில் ஆள் படுத்தால் வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்வதைத் தோட்டத் துரையின் கடமையாக எழுதி வைத்தான். கருணை ஒன்றும் பொங்கவில்லை. ஆள் செத்தால் இன்னோர் ஆளை இந்தியாவிலிருந்து இறக்கச் செலவாகும். அந்த அளவுக்காவது நம் பாட்டன்மாரின் உயிருக்கு ஒரு கொள்முதல் விலை இருந்தது. பிறகு 1948இல் சுதந்திரம் வந்தது. அதே வருடம் எங்கள் குடியுரிமை போனது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின; 1992இல் கம்பெனிகளின் கைக்கு மாறின. நடுவில் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைப் பேச்சுவார்த்தையில் படுக்கப் போட்டுவிட்டது. நாட்டின் மற்றக் குடிமக்களுக்கு இலவச வைத்தியம் உரிமை. எங்களுக்கு அது பாதி துரையின் பொறுப்பு, பாதி அமைச்சின் பொறுப்பு, முழுவதும் மாரியம்மன் பொறுப்பு.

நன்றி மறக்கக் கூடாது. டிக்கோயாவில் இந்தியா 150 கட்டிலோடு ஆஸ்பத்திரி கட்டித் தந்தது. 2017 மே 12ஆம் திகதி பிரதமர் மோடியே வந்து திறந்தார். நோர்வூட் மைதானத்தில் தலை தலையாக ஜனம். இந்தியா உதவிய, 1990 என்ற எண்ணுக்கு அழைக்கும் அம்பியூலன்ஸும் உண்டு, கூப்பிட்டால் வரும். ரோட்டு முடிகிற இடம் வரைக்கும் வரும். லயம் அதற்கும் மேலே அல்லவா இருக்கிறது? அங்கிருந்து கீழே கொண்டு சேர்ப்பதற்குக் கம்பளியும் நாலு பேரும், அதிர்ஷ்டம் இருந்தால் கொழுந்து லொறியும். கொழுந்துக்கு ஒரு வசதி: நேரத்துக்கு ஸ்டோருக்குப் போகாவிட்டால் வதங்கிவிடும், கம்பெனிக்கு நட்டம். ஆகையால் அதற்கு ரோட்டு உண்டு, லொறி உண்டு, நேரம் குறிக்க ஆள் உண்டு. அம்மா வதங்கினால் யாருக்கு நட்டம்?

அப்படியே கொண்டு சேர்த்தாலும், சீட்டு ஆங்கிலத்தில், கேள்வி சிங்களத்தில். "எங்க வலிக்குது?" என்பதற்குப் பதிலாக அவள் பயத்தில் தலையை மட்டும் ஆட்டுவாள். தமிழையும் ஆட்சிமொழியாக்கிய 13ஆம் திருத்தத்துக்கு 1987இல் கையெழுத்தாயிற்று. அது வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது போல, உள்ளே வரக் காணோம்.

இந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே? புறக்கோட்டையில் துணிக்கடையில், பம்பலப்பிட்டியில் யார் வீட்டுக் குசினியிலோ. நம்மையும் விடக் கூடாது. மாதம் ஐயாயிரம் அனுப்பிவிட்டு "மருந்து ஒழுங்கா போட்டுக்கம்மா" என்று போனில் அதட்டுகிறோம். அந்த ஐயாயிரம் பேரப்பிள்ளையின் டியூஷனுக்குப் போகும் என்பது அதட்டுகிறவனுக்கும் தெரியும். ஒரு நாள் போன் வரும். "அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். ஒடனே பொறப்பட்டு வா தம்பி." சீரியஸ் என்றால் முடிந்தது. சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் ஹட்டன் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், யாரிடம் கடன் கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே வருவான். நோர்வூட் தாண்டி, தோட்டத்துச் சந்தியில் வெள்ளைக்கொடி கட்டியிருக்கும்.

அதன் பிறகு பாருங்கள் நிர்வாகத்தை! உயிரோடு இருந்தபோது ஒரு லொறி கிடைக்கவில்லை. இப்போது தொழிற்சங்கத் தலைவர்களின் ஜீப் நாலு, சேற்றில் புதைந்தாலும் பரவாயில்லை என்று லயத்து வாசல் வரை ஏறி வருகிறது. கண்ணீர் அஞ்சலி பேனரில் அம்மாவின் படம் ஸ்டாம்ப் அளவு, தலைவரின் படம் கதவளவு, கும்பிட்டபடி, சிரித்தபடி. சங்கம் செலவுக்குக் காசு தரும், போட்டோ எடுத்துக்கொண்டு. வாழ்நாள் முழுக்க "ஏய், கிலோ கொறையுது" என்று கத்திய கணக்கப்பிள்ளை "நல்ல வேலைக்காரி" என்று கண்ணைத் துடைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் வயிறெரிகிறது.

திடீர் மரண விசாரணை அதிகாரியும் வருவார். எப்போது நெஞ்சு வலித்தது, என்ன சாப்பிட்டார், யாரோடாவது சண்டையா? எத்தனை தரம் கிளினிக்கைத் தவறவிட்டார், ஏன் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. கேட்டால் சந்தேக நபர்களின் பட்டியல் கொழும்பு வரை நீளும்.

புதைக்கிற விஷயத்திலும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெருமை உண்டு. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879 ஜனவரியில் இந்த மலையில்தான் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வெளிநாட்டார் தேடி வந்து பார்க்கிறார்கள். நல்லது, கலைஞர்தானே. இலங்கையில் அவர் தொழிலாளர்களையும் படம் பிடித்தார். அந்தப் படங்கள் மியூசியங்களில் பத்திரமாக இருக்கின்றன. படத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதிவைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பெயரை எழுதாதது ஒரு குற்றமென்றால், எழுதிய விதம் இன்னொன்று. இறந்தவர் மாரியாயி என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் மரியாய். சேமலாப நிதியில் மாரியை. மகனின் பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா. ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு ஐயா தன் காதுக்கு எட்டியபடி ஞானஸ்நானம் செய்திருக்கிறார். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், நாட்சம்பளக்காரருக்கு உழைத்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதையும் 30 நாளுக்குள் கொடு என்கிறது. அரசாங்கத்தின் சொந்தத் தோட்டங்களே பணிக்கொடையையும் சேமலாப நிதியையும் வருடக்கணக்கில் கட்டாமல் இழுத்தடித்து, அந்த விவகாரம் நாடாளுமன்றம் வரை நாறியது. அதற்கு யாரும் சத்தியம் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாரியாயியின் மகன்தான் சமாதான நீதவானிடம் போய், இந்த நாலு பேரும் ஒரே ஆள், அந்த ஆள் என் அம்மா, அவர் செத்துவிட்டார் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை அவளுடையதாம்.

இதற்கிடையே அவள் இருந்த லயத்துக் காம்பராவைப் பற்றி விசாரிப்பார்கள். எட்டாம் நாள் சடங்கு முடிகிற வரைக்கும் பொறுத்துத்தான் கேட்பார்கள், மனிதாபிமானம் இல்லாமலா? இனி இந்தக் காம்பராவுக்கு யார் வேலைக்கு வருவது? மருமகளா, படிப்பை நிறுத்திய சின்னவளா?

கடைசி மாதச் சம்பளச் சீட்டு வந்திருக்கிறது. செத்த மாதம் என்பதற்காக எதையும் விட்டுவிடவில்லை. முற்பணம் பிடித்திருக்கிறார்கள், சங்கச் சந்தா பிடித்திருக்கிறார்கள், கோயில் காசு பிடித்திருக்கிறார்கள், அவள் குடித்த தேயிலைத் தூளுக்கும் பிடித்திருக்கிறார்கள். மிச்சத்தை வாங்கப் போன மகனிடம் கிளாக்கர் ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டாராம்: "இதுல மாரியைன்னு இருக்கு. அது யாரு?"