காதுமட்டம், கைமட்டம்

ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காதுமட்டத்தில் இருக்க வேண்டும் என்பது ஒலியியல் விதி. தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி. இரண்டு வயதுக் குழந்தையின் கை தாராளமாக எட்டுகிற உயரமும் அதுதான். ட்வீட்டர் குமிழின் விட்டம் பெரும்பாலும் 25 மி.மீ.; அழுத்திப் பார்க்கத் தோதான அளவு. பட்டுக் குமிழ் என்றால் உள்ளே போனதைப் பக்குவமாக வெளியே இழுத்துவிடலாம். அலுமினியம் என்றால் குழி விழுந்தது விழுந்ததுதான்.

மூடுவதற்கென்றே வலைச் சட்டம் ஒன்று கூடவே வருகிறது. ஒலி மங்குகிறதாம்; அப்பா அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். பழைய சேலையால் போர்த்தச் சொல்கிறார் பாட்டி. ஸ்பீக்கருக்குச் சரி, ஆம்ப்ளிஃபையருக்குப் போர்த்தினால் காற்றுத் துளை அடைபட்டுக் கொதிக்கும். வால்வு ரேடியோக் காலத்தில் இந்த வம்பே இல்லை. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பலகை. ரேடியோ அதன்மேல்; தாத்தாவைத் தவிர யாரும் அதன் திருகு குமிழைத் தொடக்கூடாது.

ஆளை அமுக்கும் கனமுள்ள டவர் ஸ்பீக்கரை, பிள்ளைமேல் சாயாதபடி சுவரோடு பட்டை போட்டுக் கட்டலாம்தான். சுவரில் துளை போட்டால் பெயின்ட் கெடுமே!

கடைசியில் ஸ்பீக்கரைச் சுற்றி வேலி போட்டாயிற்று. உள்ளே போக முடியாமல் அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த, சவுண்ட்பாரின் குட்டி ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். அதற்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை; எல்லாரும் ட்வீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.