மடிப்பியல்: தபாலில் செல்லும் பழைய சினிமா போஸ்டரும் அதன் காப்பீடும்

1. நோக்கமும் எல்லையும்

தாளில் விழும் மடிப்பு இருவகைப்படும்: விலையைக் கெடுக்காதது, கெடுப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைப் பிரித்தறியும் நெறியை நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தமக்குள் தபாலில் அனுப்பிக்கொள்ளும் பழைய சினிமா போஸ்டர்களே ஆய்வு எல்லை. சுவரில் ஒட்டப்பட்டு மாடு தின்றவை எல்லைக்குப் புறம்பானவை.

2. வரலாற்றுப் பின்னணி

‘ஒன் ஷீட்’ எனப்படும் பழைய போஸ்டர் 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் கொண்டது. 1980களின் தொடக்கம் வரை அது பெரும்பாலும் எட்டாக மடிக்கப்பட்டே தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. 1940 முதல் இந்த விநியோகத்தில் பெரும்பங்கு நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் நிறுவனத்துடையது. படம் மாறியதும் போஸ்டரின் ஆயுள் தீர்ந்தது.

எட்டாக மடித்தால் குறுக்கே மூன்றும் நெடுக்கே ஒன்றுமாக நான்கு கோடுகள் விழும். இந்நான்கையும் சேகரிப்பாளர்கள் பிறவிக் குணம் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். வழியில் ஐந்தாவதாக ஒரு கோடு விழுந்துவிட்டால் அது சேதம். முதல் நான்கும் சரித்திரம், ஐந்தாவது வழக்கு.

3. ஒப்பாய்வு

1958 நவம்பரில் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், ஹோப் வைரத்தை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மொத்தச் செலவு 145.29 டாலர். அதில் தபால் கட்டணம் 2.44 டாலர்தான், மீதி முழுவதும் 10 லட்சம் டாலர் காப்பீட்டுக்குப் போனது. வைரம் பத்திரமாகச் சேர்ந்தது. போஸ்டர்காரர்கள் இதைக் கேட்டுத் தெம்படைவது பிழை. வைரத்தை யாராலும் மடிக்க முடியாது.

4. தடையும் விடையும்

‘மடிக்காதீர்’ என்று மேலே எழுதினால் போதாதோ எனின், போதாது. உள்ளிருப்பதைக் கெட்டி அட்டையால் முழுக்கக் காத்த பிறகே அவ்வாறு எழுதலாம் என்பது அமெரிக்க அஞ்சல் விதி. மடிக்கவே முடியாதபடி கட்டியவருக்கு மட்டுமே மடிக்காதீர் என்று சொல்லும் உரிமை உண்டு என்றவாறு.

சுருட்டி அனுப்பலாமே எனின், அனுப்பலாம். குழாய் தடித்த சுவருடையதாகவும் போஸ்டரைவிடச் சில அங்குலம் நீண்டதாகவும் இருக்க வேண்டும். இரு முனையிலும் காகிதம் திணிக்க வேண்டும். இல்லையேல் வழி நெடுக உள்ளே ஓடியாடி ஓரம் நசுங்கும். ஏற்கெனவே மடிந்த போஸ்டரோ இரண்டு அட்டைக்கு நடுவே நிம்மதியாகப் படுத்துப் போகும். கெடுவதற்கென்று இருந்ததைப் பிறக்கும்போதே கெடுத்துக்கொண்டதன் பலன் இது.

காப்பீடு எவ்வளவு எனின், சாதாரண உள்நாட்டுப் பார்சலுக்கு உச்சம் 5,000 டாலர். பதிவுத் தபாலுக்கு 50,000. பதிவுத் தபாலில் பிளாஸ்டிக் டேப் ஆகாது. முத்திரையின் மை ஊற வேண்டும் என்பதால் காகித டேப்பே ஒட்ட வேண்டும்.

சேதமானால் பணம் கைக்கு வருமோ எனின், அனுப்பிய 60 நாளுக்குள் கேட்க வேண்டும். விலைக்குச் சான்று காட்ட வேண்டும். கிழிந்த போஸ்டரோடு நசுங்கிய குழாயையும் பத்திரப்படுத்த வேண்டும். மனவருத்தத்துக்குத் தொகை கிடையாது. கட்டிய விதம் போதாது என்று கண்டாலும் கிடையாது. இங்கே ஒரு தர்க்கச் சுழல் உண்டு: போஸ்டர் கெடாமல் வந்தால் இழப்பீடு வேண்டியதில்லை, கெட்டு வந்தால், கட்டியது போதவில்லை என்பதற்கு அந்தப் போஸ்டரே சாட்சி சொல்லிவிடக்கூடும்.

5. முடிவும் பரிந்துரையும்

1927இல் வெளிவந்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் புகழ்பெற்ற போஸ்டரில் நான்கு பிரதிகளே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. அவற்றுள் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விலைபோனது. படம் நன்றாக வரையப்பட்டது என்பது மட்டும் இவ்விலைக்குக் காரணமன்று. மற்றவை எல்லாம் குப்பைக்குப் போனதும் காரணம்.

இதிலிருந்து பெறப்படுவது: நான்கில் ஒன்று தபாலில் கிழிந்தால் நட்டம் ஒருவருக்கு, லாபம் மூவருக்கு. எனவே காப்பீட்டுக் கட்டணத்தை அனுப்புகிறவரிடம் வாங்குவது முறையன்று. வீட்டிலிருந்தபடியே விலையேற்றம் காணப்போகும் மற்ற மூவரிடமே வாங்க வேண்டும் என இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. அம்மூவரில் ஒருவர் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம். முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதால் வசூலில் சிரமம் இராது.