மூக்கில் வயர் தொங்கும் கார்கள்: ஒரு முதற்கட்ட ஆய்வு

வின்னிபெக், எட்மண்டன், ஃபேர்பேங்க்ஸ் முதலிய வட அமெரிக்கக் குளிர் ஊர்களில் குளிர்காலத்தில் உலவும் கார்களின் கிரில்லிலிருந்து ஒரு சாண் வயரும் அதன் நுனியில் மூன்று முள் பிளக்கும் தொங்கும். கண்டவுடன் இவற்றை மின்சாரக் கார் என்பர் சிலர். அது பொருந்தாது. பகலில் பெட்ரோலும் இரவில் மின்சாரமும் உண்ணும் தனி இனம் இது.

அந்த வயர் போய் முடியும் இடம், எஞ்சின் பிளாக்கில் பொருத்திய ஹீட்டர். நம் வீட்டு வாளியில் முக்கிவைக்கும் வாட்டர் ஹீட்டருக்குத் தம்பி முறை. 400 முதல் 1000 வாட் வரை இழுத்துக் கூலன்டைச் சூடாக்கும்.

இங்கே ஓர் ஐயம். கூலன்டில் தண்ணீரும் கிளைகாலும் பாதிக்குப் பாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாதே, பிறகு சூடு எதற்கு? விடை: உறையாதிருத்தல் வேறு, கிளம்புதல் வேறு. குளிரில் ஆயில் தடித்துப்போகும். பேட்டரியும் அதே வேளை பார்த்துச் சோர்ந்துவிடும். மைனஸ் 40இல் செல்சியசும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் என்பது கணிதச் சிறப்பு. ரசிக்க அங்கே வெளியில் ஆள் இருக்காது.

இந்த ஹீட்டர் வருமுன், முன்னோர் இரவில் ஆயிலை வடித்து, காலையில் அடுப்பில் சூடாக்கி ஊற்றினர். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், சிலிண்டர் ஹெட் போல்ட் ஒன்றைக் கழற்றி அங்கே சூடேறும் போல்ட்டை வைக்கும் உத்திக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். அவர் நடத்தியது கிராமப்புற மின் கூட்டுறவு. மின்சாரம் விற்றவரே மின்சாரம் குடிக்கும் போல்ட்டைக் கண்டுபிடித்ததைத் தற்செயல் என்றே குறித்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு சூடேற்றினால் போதும். அதற்கு டைமர் உண்டு. இரவு முழுக்கச் செருகிவைப்பவர் மின்கட்டணத்தையும் சேர்த்துச் சூடேற்றுகிறார்.

இத்துறையின் தீராத சிக்கல், பிளக்கைப் பிடுங்க மறந்து கிளம்புவது. அரைத்தூக்கத்தில் ரிவர்ஸ் எடுப்பவருக்குப் பின்னால் பார்க்கத்தான் தோன்றும். வயரோ முன்னால் இருக்கிறது. ஆகவே அதில் செருகும் எக்ஸ்டென்ஷன் வயரைப் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவைக்கும் மரபு தோன்றியது. எந்தப் பக்கம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டிரைவர் பக்கமே என்பது என் துணிபு. மறுபக்கம் சுற்றியவர் மறந்தால், வயரோடு கண்ணாடியும் போகும்.