தலைமன்னார்க்காரருக்கா இந்தப் பயம்?

கேள்வி: பாரிசில் இருக்கிற மகளிடம் போகிறேன். அங்கே ரயில்காரர் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்வார்களாமே, நான் நடுவழியில் மாட்டிக்கொண்டால்?
– வாசகர், தலைமன்னார்

பதில்: ஐயா, தலைமன்னார்க்காரர் கேட்கிற கேள்வியா இது? 1914 முதல் ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஆள் ஏற்றிய போட் மெயில் உங்கள் ஊர் இறங்குதுறை வழியாகத்தான் போனது. 1964 டிசம்பர் புயல் எதிர்க்கரைத் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து வந்த கப்பலும் எண்பதுகளில் நின்றது. 1990இல் போர் உங்கள் ரயிலை நிறுத்தியது. அடுத்த ரயில் தலைமன்னாருக்கு வந்தது 2015 மார்ச்சில். அந்த இருபத்தைந்து வருடத் தாமதத்துக்கு யாராவது வருத்தம் தெரிவித்தார்களா?

பிரான்சில் மரியாதை கூட. வேலைநிறுத்தத்தின்போது எந்த ரயில் ஓடும் என்று 24 மணிநேரம் முன்னதாகவே சொல்லியாக வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டம். நீண்டதூர ரயில் ஒரு மணிநேரத்துக்கு மேல் பிந்துமென்றால் காசைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது வேறு ரயிலில் அனுப்பச் சொல்லலாம். காத்திருந்தே போய்ச் சேர்ந்தால், ஒரு மணிநேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் கால்வாசி, இரண்டு மணிநேரத்துக்குப் பாதி நட்டஈடு. ஊழியர் வேலைநிறுத்தம் என்ற சாட்டு அங்கே எடுபடாது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மகளுக்குக் கொண்டுபோகும் பேசாலைக் கருவாட்டை மட்டும் அதிகம் இறுக்கிக் கட்ட வேண்டாம். எத்தனை நெரிசலிலும் பக்கத்து இருக்கை காலியாகிவிடும்.