கைபடாத பக்தி

மாடங்கள் ஓங்கிய மாநகரில் குளிர்ந்த அறைகளில் வீற்றிருந்து குவலயம் காக்கும் பெருமக்களே! உடலுழைப்பின்மீது தாங்கள் கொண்டிருக்கும் பக்தியைப் பாடாத நாவும் ஒரு நாவோ? ஏனைய பக்தர்கள் தங்கள் தெய்வத்தை நெருங்கத் துடிப்பார்கள். பாதம் தொட்டால் பிறவிப் பயன் என்பார்கள். தாங்கள் அவர்களினும் பன்மடங்கு மேலானவர்கள். மண்வெட்டியின் காம்பும் கொத்தனாரின் கரணையும் வீட்டுத் துடைப்பமும் தங்கள் விரல் பட்டு மாசாகிவிடலாகாதே என்று தலைமுறை தலைமுறையாக எட்ட நின்று கும்பிடுகிறீர்கள். இந்தக் கைபடாத பக்திக்கு ஈடான பக்தி ஈரேழு உலகத்திலும் உண்டா?

இதற்கு மெரினா கடற்கரையே சாட்சி. தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை 1959-ல் அங்கே நிறுவினோம். நான்கு பேர் நரம்பு புடைக்கப் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். அன்று முதல் வெயிலும் உப்புக்காற்றும் அவர்கள்மேல்தான் விழுகின்றன. தண்ணீர் கேட்டதில்லை, கூலி உயர்வு கேட்டதில்லை, சங்கம் வைத்ததில்லை, ஒரு நாள் லீவு போட்டதில்லை. தாங்கள் மனமுவந்து பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தொழிலாளர்கள் இந்த நால்வர் மட்டுமே என்பதில் வியப்பென்ன? உழைப்பாளி எப்படி இருக்க வேண்டும் என்ற தங்கள் உயர்ந்த இலட்சியம் வெண்கலத்தில்தான் முழுமை பெற்றது.

மே தினத்தைத் தாங்கள் போற்றும் அழகுதான் என்னே! இந்தியாவில் முதன்முதலாக அந்த நாளைக் கொண்டாடியது நம் சென்னை. 1923-ல் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். அவர் தொடங்கிவைத்ததைத் தாங்கள் வெகுதூரம் வளர்த்துவிட்டீர்கள். உழைப்பைக் கொண்டாடும் நாளில் உழைக்காமல் இருப்பதே உயர்ந்த மரியாதை என்று கண்டு, அன்று காலை எட்டு மணி வரை படுத்திருந்து அந்த மரியாதையைச் செலுத்துகிறீர்கள். செலுத்தி எழும் நேரத்துக்குக் காபி டம்ளர் கழுவியிருக்க வேண்டும், வாசல் பெருக்கியிருக்க வேண்டும், மதியம் பிரியாணி வந்து சேர வேண்டும். அதற்காகவே வீட்டு வேலை செய்யும் அம்மாவும், கேட்டில் நிற்கும் காவலரும், வண்டியில் வரும் பையனும் வழக்கம்போல் வேலைக்கு வந்து, உழைப்பாளர் தினம் இடையூறின்றி நடந்தேற உதவுகிறார்கள்.

வணிகப் பெருந்தகைகள் ஊர்தோறும் எழுப்பியிருக்கும் ஜவுளி மாளிகைகளைப் பாடப் புகுந்தால் பொழுது போதாது. வறண்ட கிராமங்களில் வேலையின்றி வாடும் பெண்பிள்ளைகளை அழைத்துவந்து, சீருடை தந்து, விடுதியில் இடம் தந்து, நிற்பது என்னும் அரிய யோகத்தைக் கற்றுத்தரும் குருகுலங்கள் அவை. காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் அந்த யோகம் இரவு ஷட்டர் இறங்கும்வரை கலைவதில்லை. சரிகைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். "இதே கலர்ல பார்டர் மட்டும் சின்னதா இருக்காம்மா?" என்கிறார் வாடிக்கையாளர். ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, விரித்து, தோளில் சாய்த்துக் காட்டுகிறாள். மேசை மறைய மலைபோல் புடவை குவிந்ததும் வாடிக்கையாளர் மாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுகிறார். அவர் உட்கார்ந்திருந்தவர் என்பதால்தான் எழ முடிகிறது. அந்தப் பெண்ணுக்கு எழுந்திருக்கும் சிரமத்தைக்கூட வைக்கவில்லை நம் வள்ளல்கள். குவியலை ஒவ்வொன்றாக மடிப்பு குலையாமல் மடித்து அடுக்குகிறாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கிறது. பாத்ரூம் போக சூப்பர்வைசரைக் கேட்க வேண்டுமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நீர்க்கடுப்பை வரவழைத்துக்கொண்டிருக்கிறாள். முனிவர்கள் காட்டுக்குப் போய்ச் செய்த தவத்தை லிப்ட் வசதியுள்ள கட்டடத்திலேயே செய்ய வாய்ப்பளித்த கருணையை எந்தச் சொல்லால் போற்றுவது?

இந்தத் தவத்தைக் கலைக்கச் சட்டம் ஒன்று புறப்பட்டது. பெண்கள் போராடியதால் கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்றது. நம் வணிகச் சான்றோர் சட்டத்தை மீறுபவர்களா? இருக்கை வாங்கிப் போட்டார்கள். அதன்மேல் ஜாக்கெட் துணி அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். வாய்ப்புக் கிடைக்கும்போது என்றுதானே சட்டம் சொல்கிறது; அந்த வாய்ப்பு எக்காலத்திலும் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தின் ஒவ்வோர் எழுத்தையும் இப்படிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடிமக்களைப் பெற எந்த அரசு தவம் செய்ததோ!

வாடிக்கையாளப் பெருமக்களின் ஈரநெஞ்சையும் சொல்லாமல் விடலாகாது. 2010-ல் துணிக்கடை ஊழியர்களின் கதையைச் சொன்ன வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது தியேட்டரில் கைக்குட்டை நனைய அழுதீர்கள். அந்த ஆண்டும் தீபாவளித் துணியை அதே மாதிரிக் கடையில்தான் எடுத்தீர்கள். அழுகையையும் தள்ளுபடியையும் ஒரே நெஞ்சில் வைத்துத் தாங்குவதற்கு எத்தனை விசாலமான நெஞ்சு வேண்டும்!

வேலை நேரம் பற்றிய தங்கள் நியாய உணர்வோ நீதிநூல்களுக்கே பாடம் சொல்லும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடே கொந்தளித்தது. உடல்நலம் என்ன ஆவது, குடும்பம் என்ன ஆவது என்று தொலைக்காட்சிதோறும் விவாதித்தீர்கள். நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கு 70 மணி நேரம் கொடுமைதான்; தங்கள் சினத்தில் பிழையே இல்லை. நாளுக்கு 12 மணி நேரம், வாரம் 6 நாள் நின்றே உழைக்கும் கடைப்பெண் 72 மணி நேரத்தை எவருடைய அறிவுரையும் இல்லாமல் எப்போதோ எட்டிவிட்டாள். அதைப் பற்றி ஒரு விவாதமும் நடத்தாமல் அவளுடைய ஓய்வற்ற வாழ்வின் அமைதியைக் காத்தீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு என் வணக்கம். அதே 2023-ல் ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக 100 ஆண்டு நிறைந்த மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. அதனால் தங்களுக்கு எள்ளளவும் நட்டமில்லை. சட்டம் வராமலேயே கடைத்தெருவிலும் செங்கல் சூளையிலும் ஓட்டல் அடுப்படியிலும் அது நடந்துகொண்டுதானே இருக்கிறது?

இனி, தங்கள் புகழ்மாலையின் நடுநாயகமாகிய மணிக்கு வருகிறேன். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்கும் தங்கள் வீரத்தை எந்தப் பரணி பாடி முடிக்கும்? கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 1993-ல் ஒரு சட்டம் தடுத்தது. 2013-ல் வந்த இன்னொரு சட்டம் பாதுகாப்பின்றிச் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. சாமானியர்கள் இதைக் கேட்டு நடுங்குவார்கள். தாங்கள் நடுங்கவில்லை. குடியிருப்போர் சங்கம் ஏஜென்சியிடம் சொல்ல, ஏஜென்சி கான்ட்ராக்டரிடம் சொல்ல, கான்ட்ராக்டர் மேஸ்திரியிடம் சொல்ல, மேஸ்திரி ஓர் ஆளிடம் சொல்ல, அவர் மூடியைத் திறக்கிறார். இத்தனை வாய் கடந்து வரும் ஏவலில் முதலில் பேசிய வாய் எது என்று எந்த நீதிமன்றம் கண்டுபிடிக்கும்?

உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் தங்களைப் போலவே நாசூக்கானது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றத்தால் எச்சரிக்கும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று நினைக்கும் நேரத்தில் ஆளைச் சாய்க்கும். இறங்கியவரின் குரல் நின்றதும் மேலே கயிறு பிடித்தவர் அவரைத் தூக்க இறங்குகிறார். பெரும்பாலும் அவர் தம்பியாகவோ மைத்துனராகவோ இருப்பார். அவருக்கும் முகமூடி இல்லை, ஆக்ஸிஜன் இல்லை. இருவரும் வருவதில்லை. தீயணைப்பு வண்டி வந்து உடலைக் கயிறு கட்டி எடுக்கும்போது பால்கனிகளில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் தங்கள் முகங்களில் தெரியும் துயரம் மெய்யானது. "நாங்க இறங்கச் சொல்லவே இல்லையே, அவங்களாத்தான் இறங்கினாங்க" என்று போலீசாரிடம் சொல்லும்போது தங்கள் குரல் எத்தனை தழுதழுக்கிறது!

இறந்தவருக்குத் தாங்கள் தரும் மதிப்பும் சிறிதன்று. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயிரோடு இருந்தவரை ஒரு ஜோடி கையுறைக்குத் தகுதி பெறாத கை, சில்லிட்டதும் 30 லட்சம் பெறுகிறது. உழைப்பாளியின் மதிப்பை இப்படிச் சில நிமிடங்களில் உயர்த்திக் காட்டும் வித்தை பங்குச்சந்தைக்கும் கைவரவில்லை. இறங்க ஆள் தேவையில்லை என்று கேரளத்து இளைஞர்கள் 2018-லேயே இயந்திரம் செய்து காட்டிவிட்டார்கள். இருந்தும் இயந்திரத்தை நம்பி மனிதனின் பிழைப்பைக் கெடுக்கலாகாது என்று எத்தனை இடங்களில் இன்னும் கயிற்றையும் வாளியையும் காத்து வருகிறீர்கள்!

இந்தப் பணியில் தாங்கள் கடைப்பிடிக்கும் தியாகமே எல்லாவற்றுக்கும் சிகரம். கல்லூரி இடம், அரசு வேலை, பதவி உயர்வு என்று எது வந்தாலும் தகுதி, திறமை, பொதுப்போட்டி என்று முழங்கும் தாங்கள், இந்த ஒரு வேலைக்கு மட்டும் விண்ணப்பமே போட்டதில்லை. சில சாதிகளுக்கென்றே அதை முழுதாக விட்டுக்கொடுத்தீர்கள். தாத்தா இறங்கிய குழியில் பேரன் இறங்கும் வரை அந்த உரிமையில் ஒரு விழுக்காடுகூடக் கேட்காமல் ஒதுங்கி நின்றீர்கள். விட்டுக்கொடுக்கும் பண்பு குறைந்துவிட்டது என்று புலம்புவோர் இங்கே வந்து பார்க்கட்டும்.

இல்லறத்திலும் இதே நெறிதான். தங்கள் அடுக்ககத்தில் உழைப்பாளிக்கென்று தனி லிப்ட் இருக்கிறது. தங்கள் வாசனைத் திரவியத்தின் நெடியால் அவருக்குத் தும்மல் வந்துவிடக் கூடாதல்லவா! காபி குடிக்கத் தனி டம்ளர் இருக்கிறது. அதை வேறெவரும் தொட்டுவிடாதபடி ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். மாலையில் அந்த அம்மா வீடு திரும்பும்போது கேட்டில் அவர் பையைத் திறந்து பார்த்து வழியனுப்புகிறார்கள். இத்தனை கவனமான வழியனுப்புதல் தங்கள் வீட்டுக்கு வரும் சம்பந்திக்குக்கூடக் கிடைக்காது.

பிள்ளை வளர்ப்பில் தாங்கள் காட்டும் நேர்மையைச் சொல்லி முடிக்கிறேன். திருக்குறள் போட்டியில் உழவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் தங்கள் செல்வம் தடையின்றி ஒப்பித்துக் கோப்பை வாங்குகிறது. வீட்டுக்கு வந்து கணக்கில் மதிப்பெண் குறைந்த தாளை நீட்டுகிறது. "இப்படியே போனா மாடு மேய்க்கத்தான் போவே" என்று அப்பா ஆசீர்வதிக்கிறார். "சித்தாள் வேலைக்குத்தான் லாயக்கு" என்று அம்மா வழிமொழிகிறார். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை விவசாயம் என்றால் ஜாதகத்தைத் திறக்காமலே திருப்பித் தருகிறீர்கள். உழவரை எல்லோருக்கும் மேலாக வைத்த தாங்கள், அவ்வளவு உயரத்துக்குத் தங்கள் மகள் ஏறிப்போக வேண்டாமே என்று தடுத்துவிடும் பாசத்தை என்னென்பது!

பாடி முடித்த புலவன் பரிசில் கேட்பது மரபு. பொன்னும் யானையும் எனக்கு வேண்டாம். இத்தனை புனிதமான, இத்தனை பெருமைக்குரிய, இத்தனை தெய்வீகமான உடலுழைப்பைத் தலைமுறை தலைமுறையாகப் பிறர் பிள்ளைகளுக்கே வாரி வழங்கிவிட்டுத் தங்கள் சொந்தப் பிள்ளைகளை வறியவர்களாக நிற்க விட்டுவிட்டீர்கள். இந்தத் தியாகம் போதும். நின்று துணி விரிக்கும் பேற்றில் ஒரு தீபாவளிப் பருவத்தையும், மூடி திறந்து இறங்கும் பேற்றில் ஒரே ஒரு குழியையும் தங்கள் குலக்கொழுந்துகளுக்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் முதல் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதித் தர வேண்டும். நான் கேட்கும் பரிசில் இவ்வளவுதான்.